அம்மாவின் குட்டிக் கணினியும் விடுபட்ட ஓர் எழுத்தும்

ஒரு சனிக்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மா என்னுடைய பழைய குட்டிக் கணினியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"தொறக்குதும்மா" என்றார்.

நான் குளித்து, பசியாறி, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். இன்னும் திறந்துகொண்டுதான் இருந்தது.

அந்தக் கணினிக்கு வயது பதினைந்து. 2010-ல் பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது, கல்விக் கடன் பணம் கைக்கு வந்த அன்றே ஓடிப்போய் வாங்கியது. நெட்புக் என்று ஒரு வகை அப்போது எல்லார் கையிலும் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? 10 அங்குலத் திரை, ஆட்டம் என்ற சின்னச் சில்லு. நினைவகம் 2 கிகாபைட், அதற்கு மேல் ஏற்றவும் முடியாது. கூடவே வந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். பின்னணிப் படத்தைக்கூட மாற்றவிடாத பதிப்பு அது! 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதும் நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதுவும் ஐந்து வருடத்தில் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு பெருத்து, இப்போது மூச்சு வாங்குகிறது.

புதிது வாங்கித் தருகிறேன் என்று சொல்லாமல் இல்லை. "இதுல என்ன கொறை? ஆமையா இருந்தாலும் போய்ச் சேருதுல்ல" என்பது அம்மாவின் பதில். விசைப்பலகையில் தமிழ் எழுத்துகளை ஒட்டிவைத்திருக்கிறார். எந்த எழுத்து எங்கே என்பது கைக்குத் தெரியும். மடியில் கனக்காது. அறுபத்தாறு வயதில் இது போதும் என்கிறார். நியாயம்தானே.

அதில் அம்மா என்ன செய்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் (இப்போது பெஸ்தாரி ஜெயா என்றால்தான் பலருக்குத் தெரியும்) ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அம்மா. அந்த லயங்கள் இப்போது இல்லை. மொத்தம் 64 கதவு. எந்தக் கதவில் எந்தக் குடும்பம், எத்தனை பிள்ளைகள், பால்வெட்டா, மண்டோர் வேலையா, கடைசியில் எந்த ஊருக்குப் போனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவருகிறார். யாரும் எழுதச் சொல்லவில்லை. யாரும் அச்சடிக்கப் போவதுமில்லை. ஆனால், தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் அம்மாவுக்கு அவசரம்.

ஆக, கணினியைத் தூக்கிப் போடாமல் வேகமாக்க வேண்டும். விண்டோ மேனேஜர் என்ற சங்கதிக்குள் நான் கால் வைத்தது இப்படித்தான்.

தமிழில் சாளர மேலாளர் என்பார்கள். திரையில் ஒரு சாளரம் திறக்கிறது. மேலே பெயர்ப்பட்டை, ஓரத்தில் மூடுவதற்குப் பெருக்கல் குறி. பிடித்து இழுத்தால் நகர்கிறது. ஒன்றின்மேல் ஒன்று போய்ப் படுக்கிறது. இவ்வளவையும் பார்த்துக்கொள்கிற நிரல்தான் அது. விண்டோஸில் இதைத் தனியாகக் கழற்றி மாட்ட முடியாது. லினக்ஸில் முடியும். காரணம் பழைய கதை. 1984-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் எக்ஸ் என்ற சாளர அமைப்பை உருவாக்கியவர்கள், திரையில் வரைந்து கொடுப்பது எங்கள் வேலை, சாளரம் எப்படி இருக்க வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை வேறொரு நிரல் முடிவு செய்துகொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒன்று எழுதினார்கள். 1997-ல் தொடங்கிய ஐஸ்டபிள்யூஎம் இன்னும் ஓடுகிறது. பிளாக்பாக்ஸ் என்று ஒன்று இருந்தது. அதிலிருந்து 2001-ல் ஃபிளக்ஸ்பாக்ஸ் பிரிந்தது. ஓப்பன்பாக்ஸும் அதிலிருந்து கிளம்பியதுதான், ஆனால் மூன்றாம் பதிப்பில் எல்லாவற்றையும் முதலிலிருந்து புதிதாக எழுதிவிட்டார்கள். ஐ3 என்பது வேறு ஜாதி. சாளரங்களை ஓடு பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும், எல்லாமே விசைப்பலகையில்தான். நான் அரைமணி நேரம் முயன்று பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதோட மூஞ்சியே மாறிப்போச்சி" என்றார். அதோடு விட்டேன்.

ஓப்பன்பாக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2015-ல். பத்து வருடமாகப் புதுப் பதிப்பு இல்லாத ஒன்றையா போடுகிறாய் என்று கேட்கலாம். அம்மியில் என்ன புதுப் பதிப்பு வேண்டியிருக்கிறது? அதன் வேலை சின்னது, அதை ஒழுங்காகச் செய்கிறது. லுபுண்டு பயன்படுத்தியவர்கள் தெரியாமலேயே இதைப் பயன்படுத்தியிருப்பீர்கள், அதற்குள் இருந்ததும் இதுதான்.

ஒரு நல்ல விஷயம், இதைப் பரிசோதித்துப் பார்க்கக் கணினியை அழித்துப் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. இருக்கிற லினக்ஸிலேயே சில மெகாபைட் இறக்கினால் போதும். உள்நுழையும் திரையில் ஒரு மூலையில், எந்த அமர்வு வேண்டும் என்று கேட்கும் சின்னப் பட்டன் இருக்கும். அதில் ஓப்பன்பாக்ஸ் என்று தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். பிடிக்கவில்லையா, வெளியே வந்து பழையதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் போனேன்.

போனால், ஒன்றுமே இல்லை.

படம் இல்லை, பட்டை இல்லை, மணி இல்லை. வெறும் திரை, நடுவில் எலிக்குறி. வானொலியில் இருப்பவர்களுக்கு இந்த உணர்வு தெரியும். பாட்டு முடிந்து, அடுத்தது வராமல், மூன்று விநாடி அமைதி. வயிற்றில் ஏதோ புரளும். கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு எதற்கோ வலது பொத்தானை அழுத்தினேன். ஒரு சின்னப் பட்டியல் எழுந்து நின்றது. அவ்வளவுதான் ஓப்பன்பாக்ஸ்.

வேகத்தைச் சொல்ல வேண்டும். பழைய டெஸ்க்டாப்பில், கணினி திறந்து சும்மா இருக்கும்போதே 900 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் போய்விடும். இருப்பதே 2,000 சொச்சம். இங்கே 200-ஐ ஒட்டி நின்றது. சாளரம் சொடுக்கியவுடன் திறந்தது. எனக்கு அந்த 2010-ஆம் வருடத்துக் கணினியே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. சத்தியமாக, கொஞ்சம் துள்ளினேன்.

துள்ளல் அடங்க ஒரு மணி நேரம் ஆனது. வைஃபையில் இணைய வேண்டும், அதற்கான குறியைக் காணோம். ஒலியைக் கூட்டும் விசையை அழுத்தினேன், அசையவில்லை. பென்டிரைவைச் செருகினேன், செருகினேன் என்பதே கணினிக்குத் தெரியவில்லை. தமிழில் தட்டினேன், ஆங்கிலம் வந்தது.

ஒலிபரப்புக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தயாரிப்பாளர் உட்கார்ந்திருப்பார். பாட்டை வரிசையில் வைப்பது, அழைப்பவரைப் பிடித்து வைப்பது, செய்தி நேரம் வருகிறது என்று விரல் காட்டுவது எல்லாம் அவர்தான். பேசுகிறவள் நான் என்பதால் நிகழ்ச்சியே நான்தான் என்ற நினைப்பு எனக்கு. அவர் விடுப்பு எடுத்த அன்றைக்குத்தான் தெரியும். முழு டெஸ்க்டாப் என்பது அந்தத் தயாரிப்பாளர். ஓப்பன்பாக்ஸ் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அவர் செய்த வேலைகள் எங்கும் போகவில்லை, நம் தலையில் விழுகின்றன.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நிரல் உண்டு. கீழே பட்டைக்கு டின்ட்2, வைஃபைக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, பின்னணிப் படத்துக்கு ஃபே, கோப்புகளுக்கும் பென்டிரைவுக்கும் பிசிமேன்எஃப்எம். தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ். முரசு அஞ்சலில் பழகிய கை அம்மாவுடையது, அதனால் ஒலியை வைத்துத் தட்டும் முறையைப் போட்டேன். தமிழ்99 வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. இவை எல்லாம் கணினி திறந்தவுடன் தானாகத் தொடங்க, ஆட்டோஸ்டார்ட் என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதிவைக்க வேண்டும்.

எழுதினேன். மறுபடி திறந்தேன். பட்டை வந்தது, தமிழ் மட்டும் வரவில்லை. இரண்டு மணி நேரம் ஐபஸைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால் தப்பு அதில் இல்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் & என்று ஒரு குறி போட வேண்டும். 'இதைத் தொடங்கிவிட்டு, முடியும்வரை காத்திருக்காமல் அடுத்ததற்குப் போ' என்பது அதன் பொருள். பட்டைக்கான வரியில் அதை விட்டிருந்தேன். கணினியும் நல்ல பிள்ளையாக, பட்டை முடியட்டும் என்று காத்துக்கொண்டே இருந்தது. பட்டை எங்கே முடிவது? கணினியை அணைக்கும்போதுதான் முடியும். அதற்குக் கீழே எழுதிய எதுவும் தொடங்கவே இல்லை.

இந்தச் சிரமம் எல்லாம் மறந்துபோன இடம் ஒன்று உண்டு. அந்த வலது பொத்தான் பட்டியல். அதுவும் ஓர் எழுத்துக் கோப்புதான், நாம் என்ன எழுதுகிறோமோ அது அப்படியே திரையில் வரும். தமிழிலும் வரும், கொம்பு சுழி எதுவும் கலையாமல். உள்ளே இருந்த ஆங்கிலப் பெயர்களை எல்லாம் தூக்கிவிட்டு ஐந்தே வரி வைத்தேன்: எழுத, படங்கள், பாட்டு, இணையம், மூடு. அம்மா வலது பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகு சும்மாவே நாலைந்து தடவை அழுத்தினார். "எனக்குன்னே செஞ்சதாம்மா?" என்றார். ஆமாம், நிஜமாகவே அவருக்கென்றே செய்ததுதான். கடையில் வாங்கும் எந்தக் கணினியும் 'எழுத' என்ற ஒரே சொல்லோடு அம்மாவுக்கு முன்னால் வந்து நிற்காது.

இன்னொரு வசதி. அந்தத் திரையின் உயரம் 600 புள்ளிதான். பெயர்ப்பட்டை, பட்டியல், கருவிப்பட்டை எல்லாம் போக எழுத இடமே இருக்காது. ஓப்பன்பாக்ஸில், இந்த நிரல் எப்போதும் முழுத்திரையை அடைத்து, பெயர்ப்பட்டை இல்லாமல் திறக்கட்டும் என்று எழுதிவைக்கலாம். வைத்தேன். அம்மாவுக்கு ஒரே பார்வையில் கூடுதலாக ஒரு குடும்பம் தெரிந்தது.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. இன்னும் இலேசாக்குகிறேன் பேர்வழி என்று, அம்மா எழுதிக்கொண்டிருந்த லிப்ரே ஆஃபிஸையும் ஒதுக்கிவிட்டு, கண் இமைக்கும் நேரத்தில் திறக்கும் வெறும் எழுத்துத் திருத்தி ஒன்றை 'எழுத' என்ற சொல்லுக்குப் பின்னால் வைத்தேன். மெகாபைட்டைக் குறைக்கிற ஆசை ஒரு போதை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் அம்மா காப்பாரில் இருக்கும் ஒரு பாட்டியைத் தொலைபேசியில் பிடித்தார். வயது எண்பத்தாறு. அந்தத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். எந்தக் கதவில் எந்தப் பிள்ளை என்பது அவருக்கு மனப்பாடம். மற்றவர்கள் யாருக்கும் தெரியாத கதவுகள் 31 முதல் 38 வரை. ஒன்றேகால் மணி நேரம், பாட்டி சொல்லச் சொல்ல அம்மா தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கைப்பேசிக்கு மின்னூட்டம் வேண்டும் என்று, கணினியின் செருகியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கைப்பேசியைச் செருகியிருக்கிறார். பேசி முடித்துக் கைப்பேசியைக் கீழே வைக்கும்போது திரை இருண்டுபோயிருந்தது.

எனக்குக் குறுஞ்செய்தி வந்தபோது நான் ஒலிவாங்கி முன்னால் இருந்தேன். 'கம்ப்யூட்டர் செத்துபோச்சி. எல்லாம் போச்சி.' அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் நேயர்களோடு சிரித்துப் பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து செருகித் திறந்தேன். 30-ஆம் கதவோடு கோப்பு நின்றிருந்தது. லிப்ரே ஆஃபிஸாக இருந்திருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, கரண்டு போனாலும் மீட்டுக்கொள்ள ஒரு நகல் எடுத்து வைத்திருக்கும். நான் வைத்த வெறும் திருத்திக்கு அந்தப் பழக்கம் இல்லை. அம்மாவுக்கும், மூடும்போது சேமிக்கவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லித்தான் பழக்கம். நடுநடுவே சேமிக்க வேண்டும் என்று நான் சொல்லித் தரவே இல்லை.

சரி, பேட்டரி குறைகிறது என்று ஏன் யாரும் எச்சரிக்கவில்லை? டின்ட்2-இன் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். பட்டையில் என்னென்ன தெரிய வேண்டும் என்பதை ஆங்கில எழுத்துகளால் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும். எல் என்றால் நிரல் குறிகள், டி என்றால் திறந்திருக்கும் சாளரங்கள், எஸ் என்றால் வைஃபை போன்றவை வந்து உட்காரும் தட்டு, சி என்றால் கடிகாரம். பேட்டரிக்கு பி. என் கோப்பில் எல், டி, எஸ், சி. பி இல்லை. அந்தக் கோப்பை நான் என்னுடைய மேசைக் கணினியிலிருந்து நகலெடுத்திருந்தேன். மேசைக் கணினிக்கு ஏது பேட்டரி?

ஓர் எழுத்து. எட்டுக் குடும்பம்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று இரவே அந்த எழுத்தைச் சேர்த்தேன். எச்சரிக்கைச் செய்தி திரையில் தோன்றவும் ஒரு தனி நிரல் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது, அதையும் போட்டேன். லிப்ரே ஆஃபிஸைத் திரும்பக் கொண்டுவந்து, பத்து நிமிடத்தை மூன்றாகக் குறைத்தேன். திறக்க நாற்பது விநாடி எடுக்கிறது, எடுக்கட்டும். எல்லாம் சேர்ந்து நினைவகக் கணக்கு 300-ஐத் தாண்டிவிட்டது. தாண்டட்டும்.

நீங்களும் முயலலாமா? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 கிகாபைட் நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கட்டாயம் என்பதால், நன்றாக ஓடும் கணினிகளே வீட்டு மூலைக்குப் போகின்றன. எழுத, படிக்க, பாட்டுக் கேட்க என்றால் லினக்ஸும் ஓர் இலேசான சாளர மேலாளரும் அவற்றுக்கு உயிர் கொடுக்கும். ஆனால் பிள்ளையின் இணைய வகுப்பு, வங்கி, காணொளி என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாளர மேலாளர் மிச்சம் பிடிக்கும் 700 மெகாபைட்டை இணைய உலாவி இரண்டு மூன்று பக்கத்தில் விழுங்கிவிடும். அதை யாராலும் இலேசாக்க முடியவில்லை. எழுத்துக் கோப்பைத் திறந்து திருத்தப் பொறுமை இல்லாதவர்கள் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடியைப் பாருங்கள். முழு டெஸ்க்டாப்தான், ஆனால் உடம்பு மெலிந்தது. பேட்டரி குறி அதிலேயே இருக்கும். உண்மையைச் சொன்னால், அம்மாவுக்கு நான் நேராக அதையே போட்டிருக்கலாம். அந்த ஐந்து வரித் தமிழ்ப் பட்டியல் மட்டும் இந்த அழகில் வந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எக்ஸ் என்ற அந்த நாற்பது வருட அடித்தளத்தை லினக்ஸ் உலகம் மெல்ல மெல்ல வேலண்ட் என்ற புதியதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. ஓப்பன்பாக்ஸ் அங்கே ஓடாது. அதன் பாணியிலேயே லேப்டபிள்யூசி என்று ஒன்று எழுதியிருக்கிறார்கள். ராஸ்பெர்ரி பை கணினிகளின் இயங்குதளம் 2024-லேயே அதற்கு மாறிவிட்டது. அம்மாவின் கணினிக்கு அந்தக் கவலை வர இன்னும் சில வருடம் இருக்கிறது.

அம்மா இரண்டு நாள் கழித்துப் பாட்டியை மறுபடி கூப்பிட்டார். பாட்டி சலிக்காமல் முதலிலிருந்து சொன்னார். ஆறு கதவு திரும்பக் கிடைத்தது. 34-ஆம் கதவுக் குடும்பம் ஈப்போ பக்கம் போனதாக முதல் தடவை சொன்னதாக அம்மாவுக்கு ஞாபகம். இந்தத் தடவை, 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று வந்ததே, அப்போது ஊருக்கே கப்பல் ஏறிவிட்டார்கள் என்கிறார் பாட்டி. அம்மா இரண்டையும் எழுதிவைத்திருக்கிறார். 37-ஆம் கதவு பாட்டிக்கு இந்தத் தடவை பிடிபடவில்லை. "அன்னிக்குச் சொன்னேனே, நீ எழுதலையா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வரியில் எண் மட்டும் இருக்கிறது.

இப்போது பட்டையின் ஓரத்தில் பேட்டரி எண் தெரிகிறது. அது நாற்பதுக்கு இறங்கினாலே எனக்கு அழைப்பு வந்துவிடும். நேற்றும் பாட்டுக்கு நடுவே வந்தது.

"நாப்பதுக்கு வந்துட்டுச்சிம்மா. செருகிடவா?"

"செருகுங்கம்மா."